சோளம் விழும் நேரம்

"சுட்டுட்டேன்... தப்பா சுட்டுட்டேன். ரஸ் விழுந்துட்டான்..."

வாக்கி-டாக்கி கத்தியபோது மாலை மணி ஐந்து முப்பத்தாறு.

டார்லா வோசெக் பிக்கப் வண்டியைக் கருவேலங்காட்டுக்குள் விரட்டினாள். தெற்கு டெக்சஸில் அவளுடைய பண்ணை அது. வெளியூர்க்காரர்களைப் பரணில் உட்கார வைத்துக் காட்டுப்பன்றி சுட வழிகாட்டுவது அவள் பிழைப்பு. பதினெட்டு வருஷத்தில் ஒரு விருந்தாளிக்குக்கூட முள் குத்தியதில்லை.

இன்று ஒருவன் செத்துக் கிடந்தான்!

ரஸ் டில்மன். ஆரஞ்சு மேல்சட்டையில், நெஞ்சுக்கு நேராக ஓர் ஓட்டை. இருபதடி தள்ளி, மூன்று கால் வைத்த தகரப் பீப்பாய். அதனடியில் இருக்கும் மோட்டார் தினமும் குறித்த நேரத்தில் சுழன்று, மக்காச்சோளத்தைச் சுற்றிலும் வீசும். அந்தச் சத்தத்துக்குத்தான் பன்றிகள் வரும்.

பக்கத்துப் பரணிலிருந்து துப்பாக்கியோடு இறங்கி வந்தான் கிரேடன் பெல்க்னாப்.

ஹூஸ்டனில் அடுக்குமாடி கட்டி விற்கும் ஆசாமி. ரஸ்ஸின் அக்கா புருஷன், தொழில் கூட்டாளி. இதுவரை ஆறு தடவை வந்திருக்கிறான், ஆறும் ஜனவரியில். சுட்டது இரண்டு பன்றி, பீற்றிக்கொண்டது இருபது. இந்த வருஷம்தான் மார்ச்சில் வந்திருந்தான்.

கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தொப்பிகூடக் கலையவில்லை.

ஆறு பத்துக்கு உள்ளூர்ப் போலீஸ் அதிகாரி ஷெரீஃப் அரிஸ்பே கொட்டாவியோடு வந்து சேர்ந்தார்.

"மன்னிச்சுக்க டார்லா. நேத்துதான் கவர்மெண்ட் உத்தரவுன்னு ஊர் பூரா கடிகாரத்தை ஒரு மணி நேரம் கூட்டித் தள்ளி வெச்சோம். வருஷா வருஷம் மார்ச் வந்தா இதே தொல்லை. தூக்கமே சரியில்ல..."

பிணத்தைப் பார்த்ததும் கொட்டாவி பாதியில் நின்றது.

"என்ன சார் நடந்துச்சு?" என்று பெல்க்னாப்பைக் கேட்டார்.

"அஞ்சரைக்குப் பீப்பாய் சுத்துச்சு. சோளம் விழுந்துச்சு. பன்னிங்க வந்துச்சு. பெரிய ஆண் பன்னியா பாத்து சுட்டேன். ஒரே புழுதி. பின்னாடி இவன் நிக்கிறது எனக்கு எப்படித் தெரியும்? பரணை விட்டு இறங்கலாம்னு இவதான் அவன்கிட்ட சொல்லியிருக்கா."

"நான் சொல்லல" என்றாள் டார்லா.

"பன்னி காட்டிப் பொழைக்கிறவ பேச்சு யாருக்கு வேணும்? எனக்கு வக்கீலுங்க அஞ்சு பேர். இந்த முள்ளுக்காட்டைப் பிடுங்கிட்டு, உன்னை ஜெயில்ல உக்கார வெப்பாங்க. பாக்குறியா?"

செய்யக்கூடியவன்தான். வழிகாட்டியின் அலட்சியம் என்று முடிவானால் பண்ணையும் போகும், அவளும் உள்ளே போவாள்.

ஆனால் அவன் சொன்னதில் ஒரு வார்த்தை அவள் காதிலேயே நின்றது.

குரலைப் பணிவாக்கிக்கொண்டாள்.

"எத்தனை பன்னி சார் வந்துச்சு?"

"முப்பது இருக்கும்."

"சோளம் விழுந்ததை நீங்களே பாத்தீங்களா?"

"பாக்காம? ஆறு வருஷமா பாக்கறேன்மா, அஞ்சரைன்னா அஞ்சரை. நீ வேணா மறப்ப. அந்த மோட்டார் மறக்காது."

ஷெரீஃப் தரையைப் பார்த்தார். "ஒரு சோளத்தைக்கூடக் காணோமே?"

"தின்னுட்டு ஓடிடுச்சுங்க. பன்னி மிச்சம் வெக்குமா?"

"எல்லாம் எழுதிட்டீங்களா ஷெரீஃப்?" என்றாள் டார்லா. "சார் கையெழுத்துப் போடட்டும்."

பெல்க்னாப் அவளை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, தன் தங்கப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான்.

ஷெரீஃப் தயங்கினார். "டார்லா... எனக்கு வேற வழி தெரியல. வண்டியில ஏறு."

மணி ஆறு இருபத்தெட்டு.

"ஏறுறேன். காலைல காபி குடிக்கறப்ப ரஸ் ஒண்ணு சொன்னார். இவங்க கட்டின மாடி இடிஞ்சு மூணு பேர் செத்தாங்கல்ல... அந்தக் கேஸ்ல நாளைக்கு இவருக்கு எதிரா சாட்சி சொல்லப் போறாராம்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" பெல்க்னாப் சீறினான்.

"எனக்கென்ன தெரியும் சார், பன்னி காட்டிப் பொழைக்கிறவ. அந்தப் பெரிய பன்னி எங்க நின்னுச்சுன்னு மட்டும் காட்டிடுங்க, போயிடறேன்."

அவன் விறுவிறுவென்று போய்ப் பீப்பாய்க்கு அடியில் நின்றான்.

"இங்கதான். கண்ணு தெரியலையா உனக்கு?"

விர்ர்ர்ர்...!

சோளம் அவன் முகத்தில் அடித்தது. தோளில் கொட்டியது. தொப்பி விளிம்பில் தங்கியது.

கருவேலம் புதருக்குள் ஓர் உறுமல். அப்புறம் பத்து. மூக்குகள் ஒவ்வொன்றாக வெளியே நீண்டன.

ஷெரீஃப் கை தட்டி அவற்றை விரட்டிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறரை!

"இது அஞ்சரைக்குல்ல சுத்தணும்?"

"பழைய அஞ்சரைதான் இப்ப ஆறரை, ஷெரீஃப். நேத்து நீங்க எல்லாரும் கடிகாரத்தைத் தள்ளி வெச்சீங்க. நான் மோட்டாரைத் தொடல. எந்த மார்ச்சுலயும் தொடுறதில்ல. பன்னி சூரியனைப் பாத்துதான் வரும், கவர்மெண்ட்டைப் பாத்து வராது. ஜனவரில மட்டும் வர்றவருக்கு அது எங்க தெரியப்போகுது?"

"அப்ப இவர் சுட்டப்போ..."

"சோளம் விழல. பன்னி வரல. புழுதியும் இல்ல. வந்தது ரஸ் மட்டும்தான். ஆரஞ்சு சட்டையில, பட்டப்பகல் வெளிச்சத்துல."

ஷெரீஃப் இடுப்பிலிருந்து கைவிலங்கை உருவினார்.

"இதை ஏன் நீ அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா அப்பவே கதையை மாத்தியிருப்பார். கையெழுத்து காயட்டும்னு இருந்தேன்."

விலங்கு மாட்டும்போது தொப்பியிலிருந்து இரண்டு சோளம் உருண்டு விழுந்தது.

"என் வக்கீலுக்கு ஃபோன் போடணும்" என்றான் பெல்க்னாப்.

"தாராளமா போடுங்க சார்" என்றாள் டார்லா. "இந்தத் தடவையாவது மணி பாத்துட்டுப் போடுங்க."