கயிற்றுக்கு உள்ளே

பழனியப்பனின் கால்கள் அவருடையவை மாதிரி இல்லை.

கட்டிலில் மல்லாந்து கிடந்தவரைப் பார்த்ததும் கான்ஸ்டபிள் தம்புசாமிக்கு முதலில் உறைத்தது அதுதான். முகம் அவர் முகம்தான். ஊரே எண்ணெய்க்குத் தவித்த 1944-இலும் பிசுபிசுவென்று முறுக்கிவிட்ட அதே மீசை. வயிறும் அவருடையதே. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் முழுக்க மரவள்ளிக்கிழங்கைத் தின்று ஒட்டிப்போயிருக்க, அவர் மட்டும் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி ஏந்திக்கொண்டு நடந்த வயிறு. ஆனால் வேட்டி விலகிய இடத்துக்குக் கீழே வேறு யாருடையவோ இரண்டு கால்கள். குச்சியாய், முட்டி மட்டும் புடைத்து, கெண்டைச்சதை இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அழுகிய புண். புண்ணுக்கு நடுவில் வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு. பாதத்தில் முழுக்கச் செம்மண் சேறு, காயாத சேறு.

முந்தின நாள் சாயங்காலம் இதே மனிதர் இதே கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். கொழுகொழுவென்ற கால்கள். அது தம்புசாமிக்கு எப்படித் தெரியும் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து சம்சு சாராயம் குடித்தவன் அவன்தான்.

பிணத்தை முதலில் பார்த்தது முனைக் கடை தாவூத் பாய். தினமும் சாயங்காலம் பழனியப்பனுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுக்கிறவர். அன்றைக்குக் கதவைத் தள்ளினார், பார்த்தார், தேநீரைப் போட்டுவிட்டு மழையில் ஓடினார். வழியில் எதிர்ப்பட்ட முதல் காக்கிச் சட்டை தம்புசாமி. மாத்தா-மாத்தாவை, அதாவது போலீஸைக் கண்டால் வழக்கமாக வேறு சந்தில் திரும்பிவிடும் பாய் அன்று மட்டும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். தம்புசாமி வந்தான், எட்டிப் பார்த்தான், பாயை சைக்கிளில் ஏற்றி ஜப்பானிய அதிகாரியைக் கூட்டிவர அனுப்பினான். பிறகு வாசல் தூண்கள் இரண்டுக்கும் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினான். கூடியிருந்த அக்கம்பக்கத்துக் கூட்டத்தைத் தடியை ஓங்கிக் கலைத்தான். கயிற்றுக்கு உள்ளே யாரும் வரக் கூடாது. அதிகாரி வரும்வரை எதையும் தொடக் கூடாது.

வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் ஒரு இன்ஸ்பெக்டர் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். சுவர் ஓரமாகவே நட. முதலில் கண்ணால் தேடு, பிறகு கையால். தரையைப் பார், தரை பொய் சொல்லாது. தம்புசாமி ஒரு பாடத்தையும் மறக்கவில்லை. எதையெல்லாம் அழிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவை நல்ல வழிகாட்டி.

சுவர் ஓரமாக நடந்தான். ஜன்னல்கள் உள்ளே தாழிட்டிருந்தன. பின்கதவுக்குக் குறுக்குக்கட்டை போட்டிருந்தது. சமையலறைத் தரை காய்ந்து கிடந்தது. எங்குமே சேறில்லை, செத்தவர் பாதத்தைத் தவிர. மேசையில் இரண்டு கோப்பைகள். ஒன்றை எடுத்துக் கழுவித் துடைத்து அலமாரியில் கவிழ்த்தான். தான் அணைத்துப் போட்ட சுருட்டுத் துண்டுகளைப் பொறுக்கி, ஒரு ஜன்னலைத் திறந்து மழையில் எறிந்தான். எறிந்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அந்த வாடை மூக்கில் ஏறியது. பிண வாடை அவனுக்குப் பழக்கம், அது இல்லை. ஈர மூங்கிலும், சீழும், குழியில் கொட்டுகிற சுண்ணாம்பும் சேர்ந்த ஒரு வாடை. கோலாலம்பூரில் எங்கே மூங்கில் காடு? ஜன்னலைச் சாத்தினான். வாடை குறையவில்லை. கூடியது.

பழனியப்பன் யார் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. அந்த லைன் வீடுகளில் அதைச் சத்தமாகச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. சயாமில் மூங்கில் காட்டுக்குள் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர் அவர். கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கொட்டகைக்குள் வெள்ளைத்துணி கட்டி இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று தோட்டத்திலும் இந்த லைனிலும் வீடு வீடாகப் போய் அழைத்தார். சாப்பாடும் உண்டு என்றார். பசித்தவர்கள் குளித்து, தலைவாரி, சட்டை மாற்றிக்கொண்டு போனார்கள். எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு கதவை வெளியே தாழிட்டவன் தம்புசாமி. விடிந்ததும் லோரி வந்தது. போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு பழனியப்பனை எல்லோரும் 'படம் காட்டினவரு' என்றார்கள், அவர் தெருமுனை தாண்டிய பிறகு. தம்புசாமியை என்ன சொன்னார்கள் என்பது அவன் காதுக்கு வந்ததில்லை. அவன் அம்மாவைப் பற்றியும் அதில் இருந்தது.

இப்போது அதிகாரி வருவார். வந்ததும் கேட்பது ஒரே கேள்வி: கடைசியாக இவனோடு இருந்தது யார்? பதில் தம்புசாமி என்று ஆனால் தலை கழுத்தில் நிற்காது. தன் ஆளைக் கொன்றவன் என்று ஒருவனைக் காட்டாமல் ஜப்பான்காரன் திரும்பிப் போனதாகச் சரித்திரமே இல்லை. ஆகவே வேறொரு ஆள் வேண்டும். அவர் வருவதற்குள் வேண்டும்.

ஆள் பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். சீதாலெட்சுமி. அவள் புருஷன் விஜயன் ரயில்வேயில் தண்டவாளப் பழுது பார்க்கிறவன், தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடுகிற சிலிப்பர் கட்டையைத் தனியாளாகத் தோளில் தூக்குவான் என்று பெயர். அவனும் படம் பார்க்கப் போனவன்தான். அன்றிலிருந்து அவள் தினமும் காலையில் வாசலுக்கு வந்து பழனியப்பன் வீட்டைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள். லைனுக்கே தெரியும். பகைக்குச் சாட்சி தேட வேண்டாம். அவள் சேற்றுக் காலோடு ஒருமுறை இந்தத் தரையை மிதித்துவிட்டால் போதும். கட்டில்வரை வந்து போன காலடி. தரை பொய் சொல்லாது.

தம்புசாமி வாசலுக்கு வந்தான். மழை இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கேற்றத் தடை இருந்ததால் லைன் முழுக்கச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. சீதாலெட்சுமி தன் வீட்டு முன்னால், கோணிச்சாக்கைத் தலையில் போர்த்தியபடி நின்றிருந்தாள். தடிக்கு ஓடாதவள் அவள் ஒருத்திதான்.

"சீதாம்மா, கொஞ்சம் உள்ள வாங்களேன். ஆளப் பார்த்து அடையாளம் சொல்லணும், அவ்ளோதான் லா."

அவள் அசையவில்லை. "சாவு வீட்டுல வாங்கன்னு சொல்லக் கூடாதுண்ணே."

தம்புசாமிக்குத் தெரியாததா? இழவு வீட்டுக்கு வருகிறவரை யாரும் வாய் திறந்து அழைப்பதில்லை, போகிறவரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அவனுக்கு அது சாவு வீடில்லை, வேலை நடக்கிற இடம். போதாக்குறைக்கு அவசரம். ஆகவே அவன் தன் குரலில் இருந்த தேனையெல்லாம் வழித்துப் போட்டு மறுபடி அழைத்தான். சர்க்கார் வேலைக்கு அதெல்லாம் பார்க்க முடியாது என்றான். பயப்பட ஒன்றுமில்லை என்றான். கயிற்றை ஒரு கையால் உயர்த்திப் பிடித்தான்.

"வாங்க. யார் வேணும்னாலும் வாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சீதாலெட்சுமி அவனைப் பார்த்தாள். அந்த வீட்டைப் பார்த்துத் துப்பும்போது இருக்கிற முகமில்லை அது. ஏதோ கணக்குத் தீர்ந்த மாதிரி நிதானமான முகம்.

"நான் வரலண்ணே," என்றாள். "ஆனா கூப்ட்டது கூப்ட்டதுதான்."

சொல்லிவிட்டு அவள் ஒதுங்கினாள். ஒற்றையடிப் பாதையில் எதிரே சுமையோடு வருகிறவர்களுக்கு இடம் விடுவதைப் போல, முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சுவரோடு சுவராக. தெருவில் யாரும் இல்லை. மழைதான் இருந்தது. ஆனால் ஒரு இடத்தில் அது தரைவரை வரவில்லை. ஆள் உயரத்தில் எதன்மேலோ பட்டுச் சிதறி வழிந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு இடத்திலும். அதற்கும் பின்னால், தெருமுனைவரை.

தம்புசாமி கயிற்றைக் கையிலிருந்து விட்டான். அது தொங்கவில்லை. பிடித்த உயரத்திலேயே நின்றது. சற்று இறங்கியது. மறுபடி உயர்ந்தது. குனிந்து நுழைகிற ஒவ்வொருவரும் அடுத்தவருக்காகப் பிடித்துக்கொடுக்கிற மாதிரி.

பின்வாங்கினான். சிமெண்டுத் தரையில் ஒரு காலடி விழுந்தது. ஈரமான, செம்மண் காலடி. பெருவிரல் இல்லை. பக்கத்தில் இன்னொன்று, அதில் குதிகால் மட்டும். பிறகு ஒரு தடி ஊன்றிய வட்டம், இழுத்துக்கொண்டு வந்த காலின் நீளக் கோடு. அவசரமே இல்லாமல் வந்தார்கள். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். யாரோ பல் கிட்டிக்க நடுங்கினார்கள், மலேரியாக் காய்ச்சலில் நடுங்குகிற மாதிரி. வீட்டுக்குப் பின்னால் ரயில் யார்டில் பெட்டிகள் மோதுகிற சத்தம் என்று அவன் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தது ரயில் சத்தமே இல்லை. அது பின்னாலிருந்து வரவில்லை. அறைக்குள்ளிருந்து வந்தது. பாரம் தூக்குகிற ஆட்கள் சேர்ந்து விடுகிற மூச்சு.

"நான் கதவைத்தான் சாத்தினேன்," என்றான் தம்புசாமி. யாரும் கேட்காமலே. "சொன்னாங்க, செஞ்சேன். சத்தியமா எனக்கு..."

கதவு சாத்திக்கொண்டது.

இருட்டு. மூங்கில் வாடை. சீழ். சுண்ணாம்பு. சுவரைத் தேடிக் கையை நீட்டினான். சுவர் இருந்த இடத்தில் ஒரு விலா எலும்பு. விரல் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அது மூச்சு வாங்கியது. கையை இழுத்துக்கொண்டான். மறுபக்கம் ஒரு தோள். குளிர்ந்து, தழும்பேறி, மரம் சுமந்து பள்ளம் விழுந்த தோள்.

வெளியே மோட்டார் வண்டி வந்து நின்றது. பூட்ஸ் சத்தம். தாவூத் பாயின் குரல் பணிவாக எதையோ சொல்லிக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஜப்பான்காரன் வந்ததற்காகத் தம்புசாமியின் நெஞ்சு குளிர்ந்தது. கத்த வாயைத் திறந்தான். வாய்க்குள் மண் இருந்தது. செம்மண். துப்பத் துப்ப ஊறியது.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பாய் கேட்பதும், சீதாலெட்சுமி பதில் சொல்வதும் மழைக்கு ஊடே தெளிவாகக் கேட்டது.

"மாத்தா-மாத்தா அண்ணன்தான் இருக்காரு பாய். யாரையும் உள்ள விட மாட்டேன்னு சொல்லியிருக்காரு."

அவன் இடுப்புக்குக் கீழே கைகள் நுழைந்தன. தோளுக்குக் கீழே. பிடரிக்குக் கீழே. பல கைகள், பழகிய கைகள். எங்கே பிடித்தால் பாரம் சரியாக நிற்கும் என்று தெரிந்தவை. ஒரு மூச்சு. தூக்கினார்கள்.

இரண்டு எட்டில் முடிந்துவிடுகிற அறை. நடந்துகொண்டே இருந்தார்கள். முகத்தில் இலைகள் உரசின. மேலே கூரை இல்லை, மூங்கில் தலைகளும் அவற்றுக்கு இடையே பழுப்பு வானமும். பூட்ஸ் சத்தம் எங்கோ தூரத்தில், தண்ணீருக்கு அடியில் கேட்கிற மாதிரி தேய்ந்தது. போனது.

இறக்கினார்கள். மெதுவாக. முதுகில் சரளைக்கல் குத்தியது. கைகளை விரித்து வைத்தார்கள். ஒருவன் அவன் காலைச் சற்று நகர்த்தி, ஒரு கண்ணை மூடி நேர் பார்த்து, மறுபடி நகர்த்தினான்.

தம்புசாமியால் கழுத்தை மட்டும் திருப்ப முடிந்தது. ஒரு முழத்துக்கு அப்பால், அவனுக்கு இணையாக, பழனியப்பன் கிடந்தார். விரித்த கைகளோடு. நெஞ்சின் குறுக்கே மழையில் பளபளத்துக்கொண்டு ஒரு தண்டவாளம் ஓடியது. தொடையின் குறுக்கே இன்னொன்று. அவருக்கு அப்பால் இடம் தயாராக இருந்தது. பள்ளம் வெட்டி, சரளை நிரவி, ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்கு எட்டும்வரை. பழனியப்பனின் கண்கள் திறந்திருந்தன.

இமைத்தன.

எஃகு இறங்கியது. தம்புசாமியின் நெஞ்சில், சட்டைப் பித்தானுக்கு மேலே. ஐஸ் மாதிரி இருந்தது. அகலமான தோள்கள் கொண்ட ஒருவன் பக்கத்தில் மண்டியிட்டான். முகத்தில் பாதி இல்லை. மீதியில் பகை என்று சொல்லும்படி எதுவும் தெரியவில்லை. வேலையில் இருக்கிறவனின் கவனம்தான் இருந்தது. விஜயன் தண்டவாளத்தின் ஓரமாகக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, விலாவுக்கும் விலாவுக்கும் நடுவில் மெத்தென்று இருக்கும் இடத்தைத் தேடினான். கிடைத்தது. அந்த இடத்து மழைநீரைப் புறங்கையால் துடைத்தான். ஆணியின் முனையை அங்கே நட்டுப் பிடித்துக்கொண்டு, பின்னால் சம்மட்டியோடு நிற்கிறவனை நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தான்.