குட்டி மண்ணீரல்

கஸ்பார் பல் தேய்த்துக்கொண்டே தன் கல்லீரலைப் பார்த்தான். உள்ளாடியில் அது செங்காவி நிறத்தில், மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு இதே கல்லீரல் கொழுப்பேறி, மஞ்சள் பூத்து வீங்கிக் கிடந்தது.

தூத்துக்குடியில் இப்போது உள்ளாடி இல்லாத குளியலறை குறைவு. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தகடு மெல்லிய அலைகளை உடம்புக்குள் அனுப்பும். திரும்பி வருவதை வைத்து உள்ளே நடப்பதை அந்த நொடியிலேயே வரைந்து காட்டும். கஸ்பாரின் மனைவி ரெஜினாதான் அதை வாங்கினாள். நகராட்சி நடத்திய உடலறி வகுப்புக்குப் போய், எது கணையம், எது மண்ணீரல் என்று கற்றுவந்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து தினமும் புரோட்டாவும் சால்னாவும் தின்றவன், அந்த மஞ்சளைப் பார்த்த அன்றோடு நிறுத்தினான். கடற்கரையில் நடக்கப் பழகினான். சர்க்கரை இறங்கியது. ரெஜினாவுக்குப் பெருமையாக இருந்தது.

அன்று காலைதான் மண்ணீரலுக்கும் கணையத்தின் வாலுக்கும் நடுவில் பட்டாணி அளவில் ஒன்று அவன் கண்ணில் பட்டது.

பதினொரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. குளியலறைக்குப் போனால் ஒரு மணி நேரம் ஆனது. சோறு பாதியில் நின்றது. பன்னிரண்டாம் நாள், கப்பலில் ஏற்றவேண்டிய சரக்குப் பெட்டி அந்தரத்தில் தொங்க, கிரேனை நிறுத்திவிட்டு மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கீழே ஆறு பேர் நின்றிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மேலாளர் அவனைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் ரெஜினாவைக் கூப்பிட்டு உள்ளாடியில் காட்டினான்.

அவள் ஓடிப்போய் வகுப்புத் தாள்களை எடுத்துவந்தாள். வகுப்பில் கொடுத்த படத்தில் அந்த இடத்தில் எதுவும் இல்லை.

மருத்துவமனைக் கூடத்தில் நூறு பேருக்குமேல் காத்திருந்தார்கள். எல்லார் கையிலும் உள்ளாடிப் படம். டாக்டர் ஷர்மிளா பானு சோதனைகளை முடித்துவிட்டு, அது குட்டி மண்ணீரல் என்றார். கருவில் இருக்கும்போதே தனியாகப் பிரிந்த ஒரு துணுக்கு. பத்துப் பேரில் ஒருவருக்காவது இருக்கும், ஒரு கெடுதலும் செய்யாது என்று விளக்கினார்.

"முன்னாடியெல்லாம் வலியோட வருவாங்க, எங்கே வலின்னு நாங்க தேடுவோம். இப்போ படத்தோட வர்றாங்க. வலிதான் இல்லை" என்றார்.

ரெஜினாவுக்கு உயிர் திரும்பி வந்தது. கஸ்பாருக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே உள்ளாடி முன்னால் போய் நின்றான். மறுநாளும் நின்றான். அவள் அதன் மேல் துண்டைப் போர்த்தினாள், அவன் எடுத்துவிட்டான். வயரின் இணைப்பைப் பிடுங்கினாள். பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். எடை ஒன்பது கிலோ குறைந்தது.

"கெடுதல் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாங்களேங்க" என்று கெஞ்சினாள்.

"தெரியாம இருந்தப்போ சுமந்தேன். தெரிஞ்சபிறகு எப்பிடிச் சுமக்க?"

அதை அறுத்து எடுக்கச் சொல்லிக் கேட்டான்; ஷர்மிளா பானு மறுத்துவிட்டார். மதுரையில் தனியார் மருத்துவமனை ஒன்று இப்படிப்பட்டவற்றை அகற்றுவதற்கென்றே ஒரு தளம் வைத்திருந்தது. ஒப்புதல் தாளில் ரெஜினா கையெழுத்துப் போட்டாள். அவன் மறுபடி சாப்பிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அவன் சாப்பிடவும் செய்தான். கிரேனுக்குத் திரும்பினான். இரண்டு மாதம் வீட்டில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

மூன்றாம் மாதம் ஒரு காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபடி அவளைக் கூப்பிட்டான். இந்தத் தடவை வலி நிஜமாகவே இருந்தது. உள்ளாடியில், வெட்டிய இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு பட்டை கிளம்பிக் குடலை இழுத்துப் பிடித்திருந்தது. அறுவைக்குப் பிறகு சிலருக்கு உள்ளே உண்டாகும் ஒட்டுத்தழும்பு. மறுபடி அறுத்தால் மறுபடி ஒட்டலாம் என்றும் வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

அவன் அந்த வெள்ளைப் பட்டையின் மேல் விரலை வைத்தான்.

"இதையும் எடுத்திரலாம், ரெஜினா" என்றான். "மதுரைக்குப் போன் போடு."