பிழைவேளை

காலை எட்டு மணிக்கு எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிழைவேளை. ஊழியர்கள் ஒவ்வொருவராகச் சுவரிலுள்ள செவிப்பலகையில் கை வைத்து, நேற்று செய்த தவறைச் சொல்ல வேண்டும். 'தரக்கண்' என்ற அரசாங்கக் கணினி கேட்டுக்கொண்டிருக்கும். அன்றும் ஐந்து பேரும் "பிழை இல்லை" என்றார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு நாட்களாக இதே பல்லவிதான். இதற்காகச் சிறந்த நிலையத் தலைவி என்று எனக்கு விருது வேறு கொடுத்துவிட்டார்கள். வெட்கக்கேடு.

உள்ளே கட்டிலில் ஐந்து மாதக் குழந்தை மூச்சு விட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. முந்தைய நாள் காய்ச்சலுக்கு இங்கேதான் சொட்டு மருந்து கொடுத்திருந்தோம். பதிவில் சரியான மருந்துதான் இருந்தது. குழந்தையின் நிலையைப் பார்த்தால் கொடுத்தது வேறு. எது என்று தெரிந்தால் முறிமருந்து போடலாம். தெரியாமல் போட்டால் அதுவே கொன்றுவிடும். இரத்தப் பரிசோதனை முடிவு வர மூன்று மணி நேரமாகும். குழந்தைக்கு அவ்வளவு நேரமில்லை.

"யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்கப்பா. நான் யார் பேரையும் போட மாட்டேன்," என்றேன்.

மருந்தாளுநர் சந்தானம் தரையைப் பார்த்தார். மற்றவர்களும்தான்.

அவர்களை எந்த வாயால் திட்டுவேன்? போன வருடம் இதே வார்த்தையைச் சொல்லித்தான் செவிலியர் மரகதவல்லியைப் பேச வைத்தேன். தடுப்பூசிப் பெட்டியில் குளிர் குறைந்துபோனதைக் கவனிக்கவில்லை என்று அவராகவே சொன்னார். எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பொறுப்பு தலைமையுடையதா, ஊழியருடையதா என்று தரக்கண் என்னிடம் கேட்டது. என் பெயரைப் போட்டால் பதவி போகும். அவர் பெயரைப் போட்டேன். மதியத்துக்குள் அவருடைய உரிமம் ரத்தானது. "நுணலும் தன் வாயால் கெடும்," என்று சாப்பாட்டு அறையில் யாரோ முணுமுணுத்தது எனக்கும் கேட்டது.

ஒன்பதே முக்காலுக்குக் குழந்தை இறந்தது. பிறகுதான் சந்தானம் என் அறைக்கு வந்தார்.

"காய்ச்சல் மருந்துக்குப் பதிலா பக்கத்துல இருந்த மார்ஃபின் வலி மருந்த எடுத்துட்டேன் மேடம். நேத்து சாயங்காலமே தெரியும்."

"தெரிஞ்சுமா வாய மூடிக்கிட்டு இருந்தீங்க? ஒரு வார்த்த சொல்லிருந்தா பொழச்சிருக்குமே."

"மரகதம் சிஸ்டரும் உங்கள நம்பித்தானே சொன்னாங்க."

மேசைத் திரையின் பக்கம் திரும்பினேன். திரையில் தரக்கண் அதே கேள்வியைக் கேட்டிருந்தது. 'தலைமை' என்பதைத் தொட்டு என் பெயரை எழுதினேன். இரண்டு நொடி வேலை. போன வருடமே இதைச் செய்திருந்தால், வெளியே பெஞ்சில் இருந்த குழந்தையின் தாய் இந்நேரம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள்.