பாதி விரிந்த குடை

“மூச்சை விட்டுட்டுத்தான் கீழ வைக்கணும்னு எத்தனை தடவை...”

“வெச்சேன்மா, வெச்சுட்டுத்தான் டீ குடிக்கப் போனேன்.”

“பாதி விரிச்ச மேனிக்குப் போட்டுட்டுப் போயிருக்கீங்க அண்ணி! இதுக்குப் பேரு வெச்சதா?”

“குடைதானே! என்னவோ பச்சைக் குழந்தையை விட்டுட்டுப் போன மாதிரி குதிக்கிறே. உங்கண்ணனையே நான் இப்படித் தாங்கினதில்ல.”

அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து நடத்தும் பொருள் நாடகம் அது. மனிதர் ஒழிந்த பிறகு ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பதுதான் கதை. மண் கொட்டிய நீள மேசையில் கறுப்புக் குடை பறவையாகும், கெட்டில் தவளையாகும், கிழிந்த பூட்ஸ் ஆமையாகும். பின்னால் கறுப்பு உடையில் நிற்கும் இருவரும் பொருளைப் பிடித்து, அதோடு சேர்ந்து மூச்சை இழுத்து விட, அது உயிருள்ளதாகத் தெரியும். ஒத்திகை முடிந்ததும் மூச்சை முழுக்க வெளியே விட்டு, பொருளைப் படுக்க வைத்த பிறகே கையை எடுப்பார்கள். இன்று அண்ணி அப்படிச் செய்யவில்லை. நாலு மணிக்கு ஆட்டம், இப்போது மூன்று.

ஜன்னல்களைத் துணியால் அடைத்திருந்த அந்த வாடகைக் கூடத்தில் மின்விசிறிகூட ஓடவில்லை. ஆனாலும் குடைத்துணி மெல்லப் புடைத்து, கம்பிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டு விரிய, மேசை மண்ணிலிருந்து பல நாள் மழையில் ஊறிய தோட்டத்தின் வாடை கிளம்பி நாத்தனாரின் தொண்டைவரை வந்து நின்றது. குடை சுருங்கியது. மறுபடி விரிந்தது.

“நூல் கட்டியிருக்கீங்களா அண்ணி? விளையாடாதீங்க.”

“நானெங்க... விளையாடறேன்?” அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். “ஒரு மாதிரி... படபடன்னு...”

குடை விரியும்போதெல்லாம் அண்ணியின் பேச்சு அறுந்தது.

நாத்தனார் பாய்ந்து குடையை இறுக்கி மூடினாள். அண்ணியின் விலா ஒடுங்கியது. உதடு நீலமானது. கையை விட்டாள். குடை விரிந்தது. அண்ணியின் மார்பு ஏறியது.

“மூடல, மூடவே மாட்டேன்... வாங்க, வெளிய போயிடலாம். எழுந்திருங்க அண்ணி.”

அண்ணி எழவில்லை.

கெட்டிலின் மூடி எழுந்து அமர்ந்தது. பூட்ஸின் தோல் உப்பி அடங்கியது. மூன்றுக்கும் ஒரே மூச்சு. மண்ணில் சரசரவென்று சத்தம். மூன்றும் திரும்பின. யாரும் தொடவில்லை.

அண்ணியின் பக்கம்.

ஆட்டுவிப்பவர் ஆடும் பொருளைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. இந்த வேலையின் முதல் விதி. மூன்றும் அப்படித்தான் நின்றன. சற்றே குனிந்து. பொறுமையாக.

அண்ணி இமைக்கவில்லை. மடியிலிருந்து வலது கை எழுந்தது. முதலில் முழங்கை. பிறகு மணிக்கட்டு. கடைசியில், ஒவ்வொன்றாக, விரல்கள்.

“அண்ணி... கையை நீங்கதானே தூக்கினீங்க?”