அலைமேல் ஓர் இரை

“ஐயோ, என் மீனு!” என்று அகஸ்டின் அண்ணன் கத்தினார்.

அவர் பலகையிலிருந்த மீனைத் தூக்கப் பார்த்த ஓர் இளம் பருந்து தராசில் மோதி மணலில் விழுந்தது. உடனே நான்கு காக்கைகள் அதைச் சூழ்ந்துகொண்டு கொத்தின.

பக்கத்து மீன் கடையில் அம்மா ஜலஜாவுக்கு உதவியாக இருந்த தமிழ்நிலா ஓடிப்போய்க் காக்கைகளை விரட்டினாள். பருந்து தத்தித் தத்தி, கவிழ்த்து வைத்திருந்த படகின்மேல் ஏறியது. இறகெல்லாம் வெளிர்ப் புள்ளிகள். நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

“கூட்ட வுட்டு இப்பதான் வந்துகீது போல. இன்னும் இரை புடிக்கத் தெரியல” என்றார் அகஸ்டின்.

“அதோட அம்மா ஊட்டாதாண்ணா?”

“பெருசாயிட்டா தொரத்தி வுட்டுடும்மா.”

தமிழ்நிலா திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள்.

“இன்னாடி அப்டிப் பாக்குற? உன்ன நான் தொரத்த மாட்டேன்” என்று ஜலஜா சிரித்தாள்.

தமிழ்நிலா ஒரு மீன் தலையைப் படகின்மேல் எறிந்தாள். பருந்து எட்டுவதற்குள் காக்கை கவ்விக்கொண்டு போனது. இரண்டாவதும் போயிற்று. பிறகு அவள் குச்சியோடு காவல் நின்றாள். பருந்து வயிறு நிறையத் தின்றது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவளைப் பார்த்ததுமே பருந்து படகின்மேலிருந்து “கீய்ய்” என்று கூவியது.

“என்னக் கூப்புடுதும்மா!”

“கூப்புடுது, சரி. நாளைக்கு உனக்கு ஸ்கூலு. குச்சி புடிச்சிக்கினு யாரு நிப்பா?”

தமிழ்நிலாவின் முகம் வாடியது. கடலைப் பார்த்தாள். பெரிய பருந்துகள் தாழப் பறந்து, தண்ணீரில் மிதந்ததை அள்ளிக்கொண்டு போயின. காக்கைகளோ அலைக்குப் பயந்து மணலிலேயே நின்றன.

“அம்மா, அந்தக் கழிவு பக்கெட்ட எடுத்துக்கினு வா!”

இருவரும் கரையோரப் பாறைக்குப் போனார்கள். அம்மா பின்னால் பிடித்துக்கொள்ள, தமிழ்நிலா மீன் குடலை அலைமேல் வீசினாள்.

பசித்த பருந்து அவர்கள் பின்னாலேயே வந்தது. முதல்முறை பாய்ந்தபோது வெறும் தண்ணீரைத்தான் பிடித்தது. இரண்டாம்முறை ஓர் அலை சிறகில் அடித்தது. தடுமாறி எழுந்து, பாறையில் உட்கார்ந்து, அவளைப் பார்த்துப் பரிதாபமாகக் கூவியது.

“பாவம்டி. கைல குடுத்துடேன்” என்றாள் அம்மா.

தமிழ்நிலாவின் கை பக்கெட்டுக்குள் போனது. பிறகு தலையை அசைத்தாள்.

“வேணாம்மா. கிட்ட வந்துடுச்சி. இன்னொரு வாட்டி பாக்கட்டும்.”

இன்னும் கொஞ்ச தூரம் வீசினாள். பருந்து எழுந்தது. வட்டமடித்தது. சிறகை ஒடுக்கிச் சரேலென்று இறங்கியது. எழும்பியபோது நகங்களில் இரை தொங்கியது!

“புடிச்சிடுச்சி!” தமிழ்நிலா குதித்த குதியில் அம்மாவின் புடவை முழுக்க மீன் நாற்றத் தண்ணீர்.

அன்று அது இன்னும் இரண்டு முறை பிடித்தது. அதன்பிறகு ஒருமுறைகூடக் கூவவில்லை.

திங்கட்கிழமை மாலை பள்ளிக்கூடப் பையோடு தமிழ்நிலா கரைக்கு ஓடிவந்தாள். கடலுக்கு மேலே ஏழெட்டுப் பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று பாய்ந்தது. பிறகு இன்னொன்று.

“உன்னுது எதுடி?” என்று அம்மா கேட்டாள்.

தமிழ்நிலா கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தாள்.

“தெரியலம்மா. எல்லாமே சூப்பரா புடிக்குது!”