சுவிட்சில் தொங்கிய துண்டு

சுவிட்ச் போர்டின் மேல் ஈரத்துண்டு ஒன்று தொங்கியது. சுரேந்தர் அதை அங்கே போடவில்லை. மனைவி காரமடையில் மகள் வீட்டில் இருந்தாள். வீட்டில் வேறு ஆள் இல்லை.

ஃபோனில் வேங்கடசாமி விடாமல் பேசினான். இரண்டு பேரும் ஒரே மில்லில் இருபது வருஷம் பஞ்சுத்தூசி தின்றவர்கள்.

"ஏன் மாப்ள, நாளைக்குக் கோர்ட்டுல நீ சாட்சி சொல்லி முடிச்சதும் நேரா ரயில் ஸ்டேஷன் முன்னாடி பாருக்குப் போயிரலாம். வெள்ளைக்காரன் காலத்து மரக் கவுண்டரு. எங்கப்பன் முழங்கை ஊனுன எடம் இன்னும் வழவழன்னு கெடக்குது."

"அப்பறம் டவுன்ஹால் சந்துல மாடி பாருக்கு," என்றான் சுரேந்தர், காலண்டர் தாளின் பின்பக்கம் பட்டியல் எழுதிக்கொண்டே.

"குடல் வறுவல் அங்கதான். கடைசியா நம்ம மில் கேட் முன்னாடி பாருக்கு. சோடா பங்காரு சீட்டுல நீ ஒக்காந்துக்க."

பேனா நின்றது. ஃபோனை அணைத்தான்.

பங்காரு அந்த பாரில் சோடாவும் கடலையும் தவிர எதையும் தொட்டதில்லை. பஞ்சு சீவும் கார்டிங் மெஷினில் சிக்கியதை எடுக்கக் கையை விடுகிறவன் தன் துண்டைச் சுவிட்ச் கைப்பிடியில் போடுவான். துண்டு கிடந்தால் ஆள் உள்ளே. எழுதி வைக்காத சட்டம். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், குவார்ட்டரை ஊற்றிக்கொண்டு வந்த சுரேந்தர் தன் துண்டென்று நினைத்து பங்காருவின் துண்டை உருவி வாயைத் துடைத்தான். கைப்பிடியைத் தள்ளினான். உள்ளே கை விட்டிருந்த பங்காருவை மெஷின் இழுத்துக்கொண்டது.

துண்டே இல்லை என்று விசாரணையில் சொன்னான். பங்காரு குடித்திருந்தான் என்று மில் எழுதிக்கொண்டது.

நேற்று பங்காருவின் மகள் லாஸ்யா வாசலில் நின்றாள். "துண்டு இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க மாமா. எங்கப்பா குடிகாரர்னு எழுதி வெச்சிருக்கறத அழிச்சாப் போதுங்க."

"நான் பாக்கலியே கண்ணு."

நாளைக்கும் அதைத்தான் சொல்லப் போகிறான். அதை மறக்கத்தான் மூன்று பார்.

அறை புழுங்கியது. மின்விசிறி ஓடவில்லை. மூடிய சன்னல்களுக்குள் எங்கிருந்தோ மெஷின் எண்ணெயும் ஊறிய பஞ்சும் கலந்த வாடை வந்து, தொண்டையில் மயிர் ஒட்டியதைப் போல நின்று, விழுங்க விழுங்க இறங்க மறுத்தது. விசிறிக்கு மேலே, கூரைப் பக்கம், யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்கிற சத்தம். நகம் இரும்பில் உரசியது. நின்றது. மறுபடி உரசியது.

எலி என்றான்.

துண்டைப் பார்த்தான். நீலக் கரை. எந்த வீட்டில்தான் நீலக் கரைத் துண்டு இல்லை?

"என்ற துண்டுதான்," என்று சத்தமாகவே சொன்னான்.

உருவினான். வாயைத் துடைத்தான்.

சுவிட்சைப் போட்டான்.

விசிறி முனகியது. சுற்றியது. மேலிருந்து பஞ்சு உதிர்ந்தது. வெள்ளைப் பஞ்சு. பட்டியல் மேல். அவன் தோள் மேல். பிறகு ஈரமாக. பிறகு சிவப்பாக.

சுவிட்சை அணைத்தான். விசிறி நிற்கவில்லை.

தொப்பென்று ஒன்று பட்டியல் மேல் விழுந்தது.

கை. மோதிர விரலில் செப்பு வளையம். பங்காருவுடையது.

விரல்கள் மெல்ல விரிந்தன. காலண்டர் தாளைத் தடவின. மேசை விளிம்பைத் தடவின. அவன் சட்டையைப் பிடித்து மேலே ஏறி, அவன் கையில் இருந்த துண்டைத் தேடின.