ஐஸ் தொட்டியில் ஒரு கோச்

ஐஸ் தொட்டிக்குள் தலைகுப்புறக் கிடந்தார் கோச்.

பயிற்சி முடிந்த வீரர்கள் உடம்பை ஆற்றிக்கொள்ளும் தொட்டி அது. கோச்சின் உடம்பு நிரந்தரமாக ஆறியிருந்தது.

பிடரியில் ஐந்து விரல் தடம்.

முதலில் பார்த்தவள் டாக்டர். அணியில் எல்லோர் விரலிலும் ஒரு மோதிரத்தை மாட்டி, நாடித்துடிப்பு, வியர்வை, சூடு மூன்றையும் பதிந்து, யாருக்கு எப்போது டென்ஷன் ஏறுகிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. போன வருஷம் வரை கோச்சின் மனைவியாக இருந்ததும் அவள்தான்.

இன்ஸ்பெக்டருக்கு அது போதுமானதாக இருந்தது.

"பிணத்தைப் பார்த்தப்பகூட உங்க துடிப்பு தொண்ணூறைத் தாண்டலையே... எப்படிம்மா?"

"பதினோரு வருஷம் அவரோட குடும்பம் நடத்தியிருக்கேன் சார். இனிமே எதுக்கும் எகிறாது."

அவர் சிரிக்கவில்லை.

கோச்சின் தம்பி மூக்கை உறிஞ்சினான். அணியின் மேனேஜர். அண்ணிக்கு அண்ணனைக் கண்டாலே ஆகாது என்று அதற்குள் இரண்டு முறை சொல்லியிருந்தான். கோச்சின் மோதிரத்தில் துடிப்பு நின்றது காலை ஆறு பதிமூன்றுக்கு. தான் அப்போது மாடியில் ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டிருந்ததாகச் சொன்னான். அவன் மோதிரமும் அதற்கு ஒத்து ஊதியது.

துடிப்பு... நூற்று அறுபது.

"கிளம்புங்கம்மா. மிச்சத்தை ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

டாக்டர் எழவில்லை. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

"துடிப்பை மட்டும் பார்த்தா எப்படி சார்? கீழ இருக்கிற கோடு விரலோட சூடு. ஓடினா ஏறணும். மேனேஜருக்கு ஆறு பத்துலேர்ந்து மூணு நிமிஷம்... பன்னிரண்டு டிகிரி."

மெல்லத் திரும்பினாள்.

"ட்ரெட்மில்லுல ஐஸ் கொட்டியா ஓடினீங்க, தம்பி?"

"அண்ணி... வாயை மூடுங்க."

கதவை நோக்கிப் பாய்ந்தான். கான்ஸ்டபிள் காலை நீட்டினார்.

தரையில் கிடந்தபடியே எல்லாவற்றையும் கக்கினான். எந்த வீரர் எந்த நெருக்கடியில் ஆடிப்போவார் என்ற பதிவுகளை எதிரணிக்குக் கைமாற்றிக்கொண்டிருந்தான். நேற்று அண்ணன் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். இன்று ஊரறியத் துரத்துவதாகச் சொன்னார். துடிப்பு எகிறினால் ஓட்டம் என்று சாதித்துவிடலாம் என்றுதான் மோதிரத்தைக் கழற்றாமல் அண்ணனைத் தண்ணீருக்குள் அழுத்தினான். சூட்டை மறந்துபோனான்.

இன்ஸ்பெக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைக்க, தனக்கும் ஒரு மோதிரம் மாட்டி டென்ஷன் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார், இளக்காரமாக.

"உங்களுக்கு மெஷின் எதுக்கு சார்?" என்றாள் டாக்டர். "வெறும் கண்ணுக்கே தெரியுது."